கொச்சித் துறையின் வாயிலில்

வல்லார்பாடத்து மாதாவின் திருவிழா ஆண்டுதோறும் செப்டம்பர் 24 அன்று நடைபெறுவது வாசகர் பலரும் அறிந்ததே. சென்ற ஆண்டு அத்திருவிழாவுக்கென நம் பங்கிலிருந்து பதினொரு குடும்பத்தார் புறப்பட்டபோது நாமும் அவர்களோடு புறப்பட்டோம். இரண்டு நாள் முன்னதாகவே எர்ணாகுளம் போய்ச் சேர்ந்துவிட்டபடியால், ஊர் சுற்றிப் பார்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கும், கால் நீட்டிப் படுக்கும் ஆவல் பெரியவர்களுக்கும் உண்டாயிற்று. பிள்ளைகளே வென்றார்கள். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கப்பெற்ற நீர்வழி மெட்ரோப் படகில் உயர்நீதிமன்றத் துறையில் ஏறி, வைப்பின் கரையில் இறங்கினோம்.

வைப்பினில் இறங்கிக் கடல் பக்கம் சிறிது தூரம் நடந்தால், எதிரே கோட்டைக் கொச்சி தெரிகிறது. சீன வலைகள் பெரிய சிலந்திகளைப் போலக் கரையோரம் கால் ஊன்றி நிற்கின்றன. இவ்விரு கரைகளுக்கும் நடுவே கடல் உள்ளே நுழையும் இடத்தை அவ்வூரார் 'அழி' என்கிறார்கள். அரை கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த இடுக்கின் வழியாகத்தான் வேம்பநாட்டுக் காயலின் வடபகுதி அரபிக் கடலோடு கலக்கிறது. நாம் நின்றிருந்த வேளையில் சரக்குப் பெட்டகங்களை ஏழெட்டு அடுக்காகச் சுமந்த கப்பலொன்று, முன்னும் பின்னும் இழுவைப் படகுகள் துணைவர, அந்த இடுக்கிற்குள் நுழைந்தது. கோயில் தேர் சந்தில் திரும்புவதைப் பார்ப்பவர் எப்படி மூச்சடக்கி நிற்பார்களோ, அப்படி நின்றோம். கப்பலின் மேல்தட்டில் நின்ற மாலுமி ஒருவர் நம் பிள்ளைகளுக்குக் கை காட்டினார்.

நம் கூட்டத்திலிருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சாமி, இவ்வளவு பெரிய கப்பல் தரை தட்டாதா?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. குருமடத்தில் நாம் கற்ற இறையியலில் துறைமுகவியல் சேர்க்கப்படவில்லை. அருகில் கல்கட்டின் மேல் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அக்கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "நாங்கள் சும்மா இருந்தால் தட்டும் மோளே, தட்டத்தான் செய்யும்" என்று தமிழும் மலையாளமுமாகப் பதில் சொன்னார். மண்வாரிக் கப்பலில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். வைப்பின் பங்கைச் சேர்ந்தவர். அன்று மாலை முழுவதும் அவரே நமக்கு ஆசிரியரானார். அவர் சொன்னவற்றோடு, பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

இந்த வாயில் என்றும் இருந்ததன்று. சங்கப் பாடல்கள் பாடும் முசிறித் துறை கொச்சிக்கு வடக்கே, பெரியாறு கடல் சேரும் கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் இருந்தது. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அத்துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டது என்று வரலாறு சொல்வார்கள். இந்தப் புதிய வாயிலின் வழியாகவே பின்னாளில் போர்த்துக்கீசியரும், டச்சுக்காரரும், ஆங்கிலேயரும் வந்தார்கள். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருந்த இடத்தை கோட்டைக் கொச்சியிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில் இன்றும் காட்டுகிறார்கள்.

வாயில் திறந்ததே தவிர, வாசற்படி உயரமாகவே இருந்தது. அழிக்கு வெளியே கடலடியில் கெட்டிப்பட்ட மணல் மேடொன்று குறுக்கே கிடந்தது. சிறு கலங்கள் அதைத் தாண்டி உள்ளே வரும். பெரிய நீராவிக் கப்பல்களோ வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மிளகையும், கயிற்றையும், தேயிலையையும் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் வள்ளங்கள் வெளியே போகமாட்டா, வணிகம் படுத்துவிடும். உள்ளே பல மைல் பரப்புக்குக் காற்றுப் படாத காயல் கிடக்க, கப்பல்கள் வெளியே அலையில் ஆடிக்கொண்டிருந்தன.

கோட்டைக் கொச்சி அக்காலத்தில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சென்னை மாகாண அரசின் கீழ் இருந்தது. சென்னை ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920ஆம் ஆண்டு ஏப்ரலில், இராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். மணல் மேட்டை வெட்டி வழி செய்ய முடியும் என்றார் அவர். மறுப்புகள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேட்டை வெட்டினால் கடல் வைப்பின் கரையைத் தின்றுவிடாதா என்பதே அது. பிரிஸ்டோ அதைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. கரையோரம் கருங்கல் வரிசைகளை இட்டு, மணல் மீண்டும் சேர்கிறதா என்று பார்த்து, சோதனையாக மண்வாரி, ஆண்டுகள் சில கழிந்த பின்னரே பெருவேலையைத் தொடங்கினார். செலவிலும் சுங்க வரவிலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றிச் சென்னை அரசும், கொச்சி சமஸ்தானமும், திருவிதாங்கூர் சமஸ்தானமும் பேசி முடிவு செய்ய 1925ஆம் ஆண்டாயிற்று. மண்ணை வெட்டுவதைவிட மனிதரை இணங்கவைப்பதற்கே கூடுதல் காலம் பிடித்ததோ என்னவோ!

பிறகு 'லார்டு வில்லிங்டன்' என்ற பெயர் தாங்கிய மண்வாரிக் கப்பல் வந்தது. மணல் மேடு வெட்டப்பட்டது. 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் அந்த வழியே உள்துறைக்குள் வந்து நின்றது. தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டு காயலின் நடுவே ஏறக்குறைய 780 ஏக்கர் நிலத்தை உண்டாக்கினார்கள். அதுவே வில்லிங்டன் தீவு. கடலின் அடியிலிருந்து எடுத்த மண்ணால் ஆன தீவில் தாம் குடியிருப்பதாகப் பிரிஸ்டோ பின்னாளில் வானொலியில் பெருமையோடு பேசினாராம். பெருமைப்படத் தக்க வேலைதான், ஐயமில்லை. 1936இல் கொச்சி பெருந்துறைமுகம் ஆயிற்று. 1941இல் பிரிஸ்டோ விடைபெற்றுச் சென்றார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தெற்கே ஆலப்புழையில் திருவிதாங்கூர் மன்னர்கள் வளர்த்த துறைமுகமொன்று இருந்தது. அங்கே மழைக்காலத்திலும் கப்பல்கள் அமைதியாக நிற்கும்; அதற்குக் காரணமான சேற்றுக்கரையைப் பற்றிப் பின்னர் சொல்வோம். கொச்சியின் வாயில் திறந்தபின் ஆலப்புழையின் வணிகம் மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்துவிட்டது. இன்று அவ்வூர்க் கடலில் பழைய பாலத்தின் துருப்பிடித்த கால்கள் மட்டும் நிற்கின்றன. முசிறி அடைந்த கதியை ஆலப்புழையும் அடைந்தது.

இனி, அந்த முதியவர் சொன்ன செய்திக்கு வருவோம். ஒரு முறை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றே நாம் எண்ணியிருந்தோம். அவர் தலையை ஆட்டினார். "தோண்டுவது வேறே, காப்பது வேறே, அச்சோ" என்றார். கிணறு தோண்டினால் அதன் சுவர் நிற்கும். கடலடியில் தோண்டிய பள்ளம் நிற்காது. ஆறு ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து விழுகின்றன. அவை வண்டலைக் கொண்டுவருகின்றன. அதைவிட மிகுதியாகக் கடல் கொண்டுவருகிறது. பருவக்காற்று அலைகள் கடலடிச் சேற்றைக் கலக்கிவிட, ஏற்றநீர் அதை உள்ளே தள்ள, ஆழமான கால்வாயைக் கண்ட சேறு அங்கே இறங்கிப் படுத்துக்கொள்கிறது. கால்வாயை ஆழமாக்க ஆக்க, அகலமாக்க ஆக்க, வந்து படியும் சேறும் பெருகுகிறது. இன்று வெளிக்கால்வாய்க்குக் குறித்துள்ள அகலம் 260 மீட்டர். ஆழம் ஏறக்குறைய 16 மீட்டர். தென்னை மரமொன்றை நட்டால் தலை மட்டும் வெளியே தெரியும். கடலோ அங்கே இயல்பாக ஆழமற்றது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் போனால்தான் அந்த ஆழம் தானாகக் கிடைக்கும். அவ்வளவு தூரமும் கடலுக்கடியில் ஒரு பள்ளத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைத்திருக்க வேண்டும். உள்ளே வந்ததும் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மட்டாஞ்சேரிப் பக்கமும் ஒரு கிளை எர்ணாகுளப் பக்கமும் போகிறது.

மண்வாரிக் கப்பல் வேலை செய்யும் முறையை அவர் தம் கைகளாலேயே நடித்துக் காட்டினார். கப்பலின் பக்கவாட்டிலிருந்து யானைத் துதிக்கை போன்ற குழாயொன்று இறங்கும். கப்பல் மெதுவாக நகர, குழாயின் வாய் கடலடியைச் சுரண்டிச் சேற்றையும் நீரையும் உறிஞ்சிக் கப்பலின் வயிற்றில் நிரப்பும். நீர் வழிந்து வெளியேறும்; சேறு தங்கும். வயிறு நிறைந்ததும் குழாயைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஆழ்கடலில் குறித்த இடத்துக்குப் போய், அடிக்கதவுகளைத் திறந்து அனைத்தையும் கொட்டிவிட்டுத் திரும்பும். இரவென்றும் பகலென்றும் இல்லை, ஞாயிறென்றும் இல்லை. "என் மகளின் முதல் நற்கருணைக்குக்கூட நான் சேற்றிலேதான் இருந்தேன்" என்றார் அவர். அதைச் சொல்கையில் அவர் குரலில் வருத்தம் இருந்தது போலவும் இருந்தது, பெருமிதம் இருந்தது போலவும் இருந்தது. இந்த வேலைக்கு ஆண்டுதோறும் நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறதாம்.

எதற்காக இவ்வளவும் என்று கேட்கலாம். சரக்குப் பெட்டகங்கள் வந்தபின் கப்பல்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. பெரிய கப்பலில் ஏற்றினால் பெட்டகம் ஒன்றுக்கு ஆகும் செலவு குறைகிறது. பெரிய கப்பல் வர இயலாத நாட்டின் சரக்கு, சிறு கப்பலில் கொழும்புக்கோ வேறெங்கோ போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றி ஏற்றப்படுகிறது. நம் நாட்டுப் பெட்டகச் சரக்கில் ஒரு பகுதி இப்படிக் கொழும்பு வழியே போய் வந்தது. அந்த இழப்பைத் தடுக்கவே வல்லார்பாடத்தில் 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று பன்னாட்டுப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. பதினான்கரை மீட்டர் நீரில் அமிழ்ந்து வரும் கப்பல்களை ஏற்பதற்காகக் கால்வாயை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூலும் துணியும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இத்துறைக்குப் போகின்றன. நம் பங்கிலும் நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. ஆகவே இந்தக் கால்வாயால் நமக்கு ஒன்றுமில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது.

மறுநாள் திருவிழாவின் முன்னாள். வல்லார்பாடத்துக்குப் போனோம். 1524இல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மாதாவின் படத்தைச் சுற்றி எழுந்த தலம் அது. 1676இல் வந்த வெள்ளத்தில் பழைய ஆலயம் அழிந்துபோக, நீரில் மிதந்த படத்தைப் பாலியத்து அச்சன் என்ற கொச்சி அரசின் அமைச்சர் மீட்டுக் கொடுத்ததாகவும், 1752இல் காயலில் புயலில் சிக்கிய மீனாட்சியம்மா என்ற நாயர் பெண்மணியும் அவர் குழந்தையும் மாதாவிடம் நேர்ந்துகொண்டு உயிர் பிழைத்ததாகவும் தல வரலாறு கூறுகிறது. வெள்ளமும் புயலும் இல்லாமல் அந்தக் காயல் மக்களின் பக்தியே இல்லை போலும். முன்பெல்லாம் இத்தலத்துக்குப் படகில்தான் வர முடியும். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தபின் பேருந்து ஆலய வாசல்வரை வருகிறது. ஆலயத்தின் மேலிருந்து பார்த்தால் முனையத்தின் பாரந்தூக்கிகள், கழுத்து நீண்ட பறவைகள் வரிசையாக நிற்பது போலத் தோன்றுகின்றன.

அம்முனையத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக மூலம்பிள்ளி முதலான ஊர்களில் 316 குடும்பங்கள் தம் வீடுகளை இழந்தன. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் போலீசாரின் துணையோடு இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் முற்றத்தில் கிடந்தன என்று அந்நாளை நினைவுகூர்பவர்கள் சொல்கிறார்கள். மாற்று மனை தருவதாக அரசு வாக்களித்தது, தரவும் செய்தது. அவற்றுட் பல சதுப்பைத் தூர்த்த நிலங்கள். வீடு கட்டினால் சுவர் பிளந்தது. பத்தாண்டு கடந்த பின்னரும் அக்குடும்பங்களில் பெரும்பாலோர் புது மனையில் குடியேற இயலாமலே இருந்தனர். கடலின் அடியிலிருந்து 780 ஏக்கர் நிலத்தை உண்டாக்கத் தெரிந்த நாட்டில், 316 வீடுகளுக்கு உறுதியான நிலம் கிடைப்பது இவ்வளவு அரிதாயிற்று! இதை எழுதும்போது நம் பேனா சற்றுச் சூடேறுகிறது, வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

திருவிழாத் திருப்பலி முடிந்த பிற்பகல், நம்மோடு குருமடத்தில் பயின்ற தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கொச்சிக்குத் தெற்கே கடலோரப் பங்கொன்றில் பணியாற்றுபவர். "வாயிலைப் பார்த்தீர்; வாயிலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்க்க வாரும்" என்றார். குடும்பத்தாரை எர்ணாகுளத்தில் விட்டுவிட்டு, அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து புறப்பட்டோம். இந்த வயதில் அது ஒரு தவ முயற்சியே.

தோப்பும்படி தாண்டித் தெற்கே போனால், ஒரு பக்கம் காயல், ஒரு பக்கம் கடல், நடுவே நாடா போன்ற நிலம். மார்ச் 19 அன்று சூசையப்பருக்கு நேர்ச்சை விருந்து நடக்கும் கண்ணமாலி, அதற்கும் தெற்கே செல்லானம். இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த மீனவ மக்கள் நெருங்கி வாழும் கரை. முன்னொரு காலத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே வலை உலர்த்தவும் பிள்ளைகள் பந்தாடவும் போதுமான மணல் இருந்தது என்று தோழர் சொன்னார். நாம் பார்த்தபோது வீட்டின் பின்சுவரே கரையாக இருந்தது.

மணல் எங்கே போயிற்று? இதற்கு அவ்வூரார் ஒரே விடை சொல்கிறார்கள். கடலில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் அதைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. பருவமழைக் காலத்தில் அந்நகர்வு பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக இருக்கிறது. நடுவே குறுக்காக 16 மீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் கிடந்தால், வடக்கிலிருந்து வரும் மணல் அதில் விழும். மண்வாரி அதை அள்ளி ஆழ்கடலில் கொட்டும். தெற்குக் கரைக்கு வர வேண்டியது வராது. கால்வாய் ஆழமாக ஆக, செல்லானம் தேய்ந்தது என்பது அவர்கள் கணக்கு. கரைக்கு வெகு அருகில் வீடுகள் கட்டியதும், பழைய கற்சுவர்கள் பழுதுபார்க்கப்படாமல் சரிந்ததும், கடலின் போக்கே மாறி வருவதும் சேர்ந்தே காரணம் என்பாரும் உண்டு. எது எவ்வளவு என்று அளந்து சொல்ல நாம் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும், வைப்பின் கரைக்கு என்ன ஆகும் என்று நூறாண்டுக்கு முன் எழுந்த அந்தக் கேள்விக்காகச் சில ஆண்டுகள் வேலை காத்திருந்தது. தெற்குக் கரையாரின் கேள்விக்காக எந்த மண்வாரியும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல். 2020இல் தொற்றுநோய்க்காக ஊரை அடைத்திருந்த வேளையிலேயே கடலேற்றம். 2021 மே மாதத்தில் டௌட்டே புயல். 2019 அக்டோபரில் தொடங்கிய தொடர் உண்ணாவிரதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதன் பின்னரே அரசு 344 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அறிவித்து, நான்கு கால் முளைத்த கான்கிரீட் கட்டிகளை அடுக்கி ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பிற்று. செல்லானத்தில் அச்சுவரின் மேல் நடந்து பார்த்தோம். உறுதியான வேலை. சுவர் வந்தபின் ஆடி மாதத்தில் வீட்டில் படுத்து உறங்குகிறோம் என்று அங்குள்ளோர் நன்றியோடு சொன்னார்கள். மாலையில் இளைஞர்கள் அதன்மேல் வரிசையாக அமர்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். வடக்கே கண்ணமாலிப் பக்கத்துக்கு நாம் சென்ற நாள்வரை அச்சுவர் வந்து சேரவில்லை. சுவர் முடிந்த இடத்துக்கு அப்பால் கடல் முன்னிலும் மூர்க்கமாக ஏறுகிறது என்பது அங்குள்ளோர் முறையீடு.

அவ்வடபகுதியில் ஒரு வீட்டுக்குத் தோழர் நம்மை அழைத்துச் சென்றார். அறுபது வயதைக் கடந்த கைம்பெண். மகன் மீன்பிடிக்கப் போகிறவன். சுவரில் நம் இடுப்பளவு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. அதுவரை நீர் நின்றதாம். இயேசுவின் திருஇருதயப் படத்தை அந்தக் கோட்டுக்கு இரண்டு முழம் மேலே மாற்றி மாட்டியிருந்தார். ஞானஸ்நானச் சான்று, குடும்ப அட்டை, கணவரின் புகைப்படம் ஆகியவற்றை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வைகாசி பிறந்தால் அது கீழே இறங்குவதில்லையாம். கடலிலிருந்து 50 மீட்டருக்குள் குடியிருப்போர் வேறிடம் போவதற்கு அரசு பத்து லட்சம் ரூபாய் தருகிறது. மகன் போகலாம் என்கிறான், தாய் தயங்குகிறார். "அச்சோ, அந்தப் பணத்துக்கு மனையும் வீடும் கிடைக்கிற இடத்தில் கடல் இருக்காது. கடல் இல்லாத இடத்தில் இவன் எதைப் பிடிப்பான்?" என்று கேட்டார். மரவள்ளிக் கிழங்கும் மத்திக் குழம்பும் பரிமாறிக்கொண்டே கேட்டார். நாம் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகன் அதுவரை திண்ணையில் பேசாமல் இருந்தவன். அள்ளும் மண்ணை எங்கோ கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பதிலாக எங்கள் கரைக்கு முன்னால் கொட்டக் கூடாதா என்றான். இக்கேள்வியை இரண்டு நாள் முன்பு வைப்பின் முதியவரிடம் நாமே கேட்டிருந்தோம். அள்ளுவதில் பெரும்பங்கு சேறு; மணல் கொஞ்சம்; சேற்றைக் கரையில் போட்டால் அடுத்த அலையில் கரைந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அதையே இவனிடம் சொன்னோம். அவன் சிரித்தான். "சாகரை எதனால் ஆனது அச்சோ?" என்றான்.

ஆலப்புழைத் துறையைப் பற்றிச் சொல்லும்போது பாக்கி வைத்த செய்தி இதுவே. பருவமழையின் நடுவில், கேரளக் கரையில் சில இடங்களில் கடலடிச் சேறு திரண்டு கூழாக மிதக்கும். அந்தச் சேறு அலையின் வலிமையை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அந்த இடம் மட்டும் குளம் போலக் கிடக்கும், மீனும் திரளும். இதையே சாகரை என்கிறார்கள். பழைய கப்பல்கள் ஆலப்புழையில் மழைக்காலத்திலும் நின்றது இந்தச் சேற்றின் தயவால்தான். சேறு கரையாக நிற்காது என்பது மண்வாரிக்காரரின் அனுபவம். சேறு கரையைக் காக்கும் என்பது மீனவனின் அனுபவம். எவ்வளவு சேற்றை, எந்த மாதத்தில், கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இட்டால் பயன் தரும் என்பதைப் பொறியாளர்கள் அவனோடு உட்கார்ந்து பேசிச் சோதித்துப் பார்க்கலாமே என்று நமக்குத் தோன்றிற்று. சோதித்துத் தோற்றாலும், கேட்டோம் என்ற ஆறுதலாவது அக்கரையாருக்கு மிஞ்சும்.

பொழுது சாய்ந்தது. புறப்படும்போது அந்த அம்மாள் உலர்ந்த நெத்திலியைப் பொட்டலமாகக் கட்டி நம் கையில் கொடுத்து, திருப்பலியில் தம் மகனை நினைக்கும்படி கேட்டுக்கொண்டார். வீட்டின் பின்புறம் வந்து நின்றோம். வடமேற்கே வெகு தொலைவில் கப்பலொன்றின் விளக்குகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. மண்வாரியா என்று தோழரைக் கேட்டோம். மகன் கண்களைச் சுருக்கிப் பார்த்து, "அதேதான் அச்சோ. நிறைத்துக்கொண்டு போகிறது. பாரம் இருந்தால் விளக்கு தாழ்ந்து தெரியும்" என்றான்.

நாம் ஸ்கூட்டரில் ஏறியபோதும் அவன் அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.